வடக்குக் கதவுக்குப் பின்னால்

பஃப்பலோ ரோடு, சிங்கப்பூர்
12 பிப்ரவரி 1984

அன்புள்ள அருளானந்தம்,

நீ பெர்த்துக்கு விமானம் ஏறிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மருதப்பன் அதில் தன் குடையை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எடுத்துவிட்டார். இரத்த அழுத்தம் தவிர என்னிடம் புகார் எதுவும் இல்லை. மகன் வீட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

கடிதம் மூலம் ஆட்டத்தைத் தொடரலாமா என்று விமான நிலையத்தில் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. விருப்பமில்லாமல் அல்ல. யோசிக்காமல் சொன்னால் தவறாகச் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான். இப்போது யோசித்துவிட்டேன். "என்னப்பா இது, வயசான காலத்துல?" என்று உன் மகன் கேட்டால் காட்டுவதற்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்து, பிறகு என் வீட்டில் விட்டுப்போன பெட்டியில் இருந்த விளையாட்டு இது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்க வேண்டும். நீ மாலுமி வங்கன். பூக்கடை மருதப்பன், மல்லன் செங்கோடன். ஜவுளிக்கடை சாகுல் ஹமீது, பூட்டுத் திறக்கும் காசிம். மிஸ் உர்சுலா, வாள்வீச்சுக்காரி நீலி. "முப்பது வருஷம் நர்ஸா காயத்துக்கு மருந்து போட்டாச்சு சார். இனிமே நான் காயப்படுத்தப் போறேன்" என்று அவர் முதல் நாள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நான் எந்தப் பாத்திரமும் ஏற்பதில்லை. மண்ணில் புதைந்துபோன நகரம் ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு, உங்கள் எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லி, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பவன். நீங்கள் செய்வது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். சர்வே ஆபீஸில் படம் வரைந்த கை என்பதால் நகரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்துவிட்டேன். அந்த வரைபடம் ரொட்டி டின் மூடியை நிறுத்தி வைத்த தடுப்புக்குப் பின்னால் இருக்கும். அதை என்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. ஆட்டத்தின் உயிர் அதில்தான்.

இனி முறை. ஞாயிறன்று நடந்ததை நான் எழுதுவேன். வங்கன் அடுத்து என்ன செய்கிறான் என்று நீ எழுத வேண்டும். உன் பகடையை நீயே அங்கே உருட்டி எண்ணை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். மருதப்பன் விடவில்லை.

"அண்ணே, அங்க அவரு உருட்டுறத யாரு பாத்தா? எல்லாமே இருவதுன்னு எழுதி அனுப்புவாரு லா."

"அருளானந்தம் அப்படி ஆள் இல்ல" என்றார் சாகுல் ஹமீது.

"ஆளு நல்ல ஆளுதான் பாய். ஆனா துறைமுகத்துல வேலை பாத்த ஆளு."

ஆகவே உன் பகடையை இங்கே எல்லோர் கண் முன்னாலும் மிஸ் உர்சுலா உருட்டுவார். யோசனை என்னுடையது. வசதிக்காக அவர் இனி என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்.

பழைய விதிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. பாத்திரம் இறந்தால் அதை ஆடியவர் மேசையை விட்டுப் போக வேண்டும். எனக்கு மட்டும் தெரிந்ததைத் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டு ஆடுபவரும் போக வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு விலக்கு இல்லை. உன்னை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. எழுதிய பிறகு, எழுதியிருக்க வேண்டாமோ என்றும் தோன்றுகிறது.

உன்,
சுவிசேஷமுத்து


பெர்த்
4 மார்ச் 1984

என் அன்பு முத்து,

உன் கடிதத்தை மகனிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "அப்பா, இந்த அங்கிள் கவர்ன்மென்ட்ல வேலை பாத்தாரா?" என்றான்.

எல்லா விதிக்கும் சம்மதம். உர்சுலா கை உருட்டினால் என் கையைவிட நன்றாகவே விழும். மருதப்பனிடம் சொல், துறைமுகத்தில் நான் திருடியது மத்தியானத் தூக்கம் மட்டும்தான்.

இங்கே வீடு பெரிது. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் நானும் குளிர்ப்பெட்டியும்தான் பேசிக்கொள்கிறோம். தெருவில் ஒரு மனிதன் நடப்பதில்லை. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றாக இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணி அடித்ததும், உர்சுலா கறி பஃப் பொட்டலத்தைப் பிரிக்கிறார், சாகுல் முதல் ஆளாகக் கை நீட்டுகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வங்கனைச் சாகடித்துவிடாதே. அவன் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சலுகை கேட்கவில்லை. தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

உங்கள் குரல்களைக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஒரு ஞாயிறு ஆட்டத்தைக் கேசட்டில் பிடித்து அனுப்ப முடியுமா?

என்றும் உன்,
அருள்


பஃப்பலோ ரோடு, சிங்கப்பூர்
17 ஜூன் 1984

அன்புள்ள அருளானந்தம்,

கேசட் தனியாகத் தபாலில் வருகிறது. தேக்கா சந்தையின் இரைச்சல் பின்னால் கேட்கும். ஜன்னலைச் சாத்தினால் மருதப்பனுக்கு மூச்சு முட்டுகிறது.

எனக்கு ஒரு சிறிய குழப்பம். சிறியதுதானா என்றும் தெரியவில்லை. போன மாதம் எல்லோரும் நிலவறைப் படிக்கட்டுக்கு வந்தார்கள். படிகளில் ஒன்று பொய்ப்படி. கால் வைத்தால் கீழே விழவேண்டியதுதான். அது என் வரைபடத்தில் மட்டும் இருந்தது. நீயோ, "வங்கன் படியில் கால் வைக்காமல் சுவர் விளிம்பைப் பிடித்து இறங்குகிறான்" என்று எழுதியிருந்தாய். மாலுமி ஏறி இறங்கப் பழகியவன் என்று விட்டுவிட்டேன். இந்த முறை கிணறு. அதில் விஷம். நீ எழுதியிருப்பது: "வங்கன் தன் தோல்பையில் உள்ள தண்ணீரை மட்டுமே குடிக்கிறான்."

இன்று உன் கடிதத்தை மேசையில் படித்தபோது செங்கோடனும் காசிமும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மருதப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, பெர்த்துல இருந்துகிட்டு இவருக்கு எப்படி லா தெரியுது? எனக்குப் பக்கத்துல இருந்தும் தெரியல."

"உங்களுக்குப் பக்கத்துல கறி பஃப் இருந்துச்சு" என்றார் மிஸ் உர்சுலா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். உனக்கு எழுதும் கடிதங்களுக்குக் கார்பன் நகல் வைத்திருக்கிறேன். எடுத்துப் படித்தேன். படியைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. வரைபடத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனதும் இல்லை.

தவறாக எடுத்துக்கொள்ளாதே. எப்படித் தெரிந்தது?

உன்,
சுவிசேஷமுத்து


பெர்த்
8 ஜூலை 1984

என் அன்பு முத்து,

எப்படித் தெரிந்ததா? மாலுமிக்கு மூக்கு உண்டு. கெட்ட தண்ணீர் அவனுக்குத் தெரியும். கார்பன் நகல் பார்த்தேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். மருமகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கேசட் வந்தது. எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாகுல் இருமல் சரியாகவில்லையே. உர்சுலா சிரிப்பு பக்கத்தில் இருந்து சிரிப்பதுபோல் கேட்கிறது. உன் குரல்தான் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது. நீ ஏன் எப்போதும் மைக்கை மற்றவர்கள் பக்கம் வைக்கிறாய்?

மழை விட்டபாடில்லை. கம்பளி இரண்டு போர்த்தியும் கால் சில்லிடுகிறது.

என்றும் உன்,
அருள்


பஃப்பலோ ரோடு, சிங்கப்பூர்
2 செப்டம்பர் 1984

அன்புள்ள அருளானந்தம்,

மூக்கு என்ற விளக்கம் கிணற்றுக்குப் பொருந்தும். படிக்குப் பொருந்தவில்லை. ஆகஸ்ட்டில் கூரைக் கல் விழுந்த விஷயத்துக்கும் பொருந்தவில்லை. வங்கன் மட்டும் தலையில் கேடயம் வைத்துக்கொண்டு போனான்.

நீ சிரிப்பாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். நான் ஒவ்வொருவராக யோசித்துவிட்டேன். சாகுல் ஹமீது உயரமானவர். தேநீர் எடுக்க எழுந்தால் தடுப்புக்கு மேலே பார்வை போகும். ஆனால் அவரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். பார்த்தவர் குடிப்பாரா? மருதப்பன் என் வீட்டுக்கு நேர்க் கீழே கடை வைத்திருக்கிறார், சாவி எங்கே வைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உன்னைப் பற்றி அதிகம் புகார் சொல்பவர் அவர்தான். அது நடிப்பாக இருக்குமோ என்று இரண்டு நாள் நினைத்தேன். பிறகு அவருடைய பூக்கடைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தேன், மனம் கேட்காமல். சாமிப் படமே இல்லாத மெதடிஸ்ட் வீட்டில் மல்லிகையை யாருக்கு வைப்பது? மிஸ் உர்சுலாவிடம் கொடுத்தேன்.

மிஸ் உர்சுலாவைச் சந்தேகிக்க வழியில்லை. என் பக்கத்தில்தான் உட்காருகிறார், உண்மை. ஆனால் உன் பகடையில் கண்ணாக இருப்பவர்.

போன ஞாயிறு ஒன்று நடந்தது. புழுக்கம் தாங்கவில்லை என்று மருதப்பன் விசிறிக்கொண்டிருந்தார். அதற்கு மிஸ் உர்சுலா, "பெர்த்துல மழை கொட்டுது லா. ரெண்டு கம்பளி போதலையாம்" என்றார்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று மருதப்பன் கேட்டார்.

"ரேடியோவுல சொன்னான்."

அன்றிலிருந்து செய்தி கேட்கிறேன். பெர்த் வானிலையை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கம்பளிக் கணக்கைச் சொல்வார்களா? ஒருவேளை உன் கடிதத்தை மேசையில் படித்தபோது அந்த வரியையும் படித்தேனோ? படித்ததாக நினைவில்லை. என் நினைவை நான் முழுக்க நம்புவதுமில்லை.

இங்கே வேறு யாருக்காவது நீ எழுதுகிறாயா? கேட்பது நாகரிகமில்லை என்று தெரியும்.

ஆட்டம்: எல்லோரும் வடக்குக் கதவுக்கு வந்துவிட்டார்கள். யார் முதலில் நுழைவது என்று சீட்டுப் போட்டதில் வங்கன் பெயர் வந்தது. கதவைத் தவறாகத் திறந்தால் பிழைப்பது கடினம். வேறொன்றும் எழுத மாட்டேன். வங்கன் என்ன செய்கிறான்?

உன்,
சுவிசேஷமுத்து


பெர்த்
23 செப்டம்பர் 1984

என் அன்பு முத்து,

இந்த வாரம் அதிகம் எழுத முடியவில்லை. பேரனுக்குக் காய்ச்சல்.

வங்கன் கதவுக்குப் போகும் முன் ஆட்டிறைச்சி ஒரு பெரிய துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்கிறான். கதவை ஒரு சாண் மட்டும் திறக்கிறான். முதலில் இறைச்சியை உள்ளே எறிகிறான்.

என்றும் உன்,
அருள்


பஃப்பலோ ரோடு, சிங்கப்பூர்
7 அக்டோபர் 1984

அருளானந்தம்,

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. தேவையும் இல்லாமல் போய்விட்டது.

செப்டம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். நிலத்தை அளக்கும்போது கோணல் எங்கே என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு முனையிலும் ஒரு குச்சி நட்டுப் பார்ப்போம். அதைப்போல. ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரத்தின் காதில் மட்டும் விழும் வதந்தி என்று ஒன்று உண்டு அல்லவா? மேசையில் கதவு திறக்கும்வரை அதை யாரிடமும் சொல்லக் கூடாது. மருதப்பனை அவர் கடையில் பார்த்து, வடக்குக் கதவுக்குப் பின்னால் வெள்ளம் தேங்கி நிற்கிறது என்றேன். சாகுல் ஹமீதிடம் நெருப்புக் குழி என்றேன். மிஸ் உர்சுலா ஈசூன் பஸ்ஸுக்காக நின்றபோது, பசியில் கிடக்கும் ஒரு வேட்டைநாய் என்றேன்.

வெள்ளம் என்று கேட்டவன் கயிறு எடுப்பான். நெருப்பு என்று கேட்டவன் ஈரச் சாக்கு எடுப்பான். நீ இறைச்சி எடுத்தாய்.

உன் கடிதத்தைச் சந்தையில் நின்றே பிரித்துப் படித்தேன். பிறகு மீன் கடைப் பக்கம் எதற்கு வந்தேன் என்று மறந்துவிட்டது. இன்று ஆட்டம் நடக்கவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மிஸ் உர்சுலா மாத்திரை கொடுத்து, நாடி பிடித்துப் பார்த்து, "எதையோ யோசிக்கிறீங்க சார்" என்றார். இல்லை என்றேன்.

என் வரைபடத்தில் வடக்குக் கதவுக்குப் பின்னால் நாய்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் நான் இட்டுக்கட்டியவை. அதாவது, இறைச்சியை எறிந்தால் வங்கன் பிழைப்பான். விதிப்படி அவன் பிழைக்கக் கூடாது, நீயும் மேசையில் இருக்கக் கூடாது. இந்த வரியை நான்கு முறை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரியும். ஒரு விளையாட்டில் பிழைப்பதற்காகவா மிஸ் உர்சுலாவை உளவு பார்க்க வைத்தாய்? அல்லது நான்தான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டேனா? அப்படியென்றால் தயவுசெய்து சொல். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவேன்.

சுவிசேஷமுத்து


பெர்த்
28 அக்டோபர் 1984

முத்து,

தவறாகத்தான் புரிந்துகொண்டாய். ஆனால் நீ சந்தோஷப்படுவாயா என்று தெரியவில்லை.

உர்சுலாவை நான் உளவு பார்க்கச் சொல்லவில்லை. பகடை உருட்டும் வேலையை நீ அவருக்குக் கொடுத்தாயே, அடுத்த வாரமே எனக்கு ஒரு கடிதம் வந்தது. "உங்க மாலுமி எப்படிப்பட்ட ஆள்? தைரியசாலியா, பயந்தவனா? தெரிந்தால்தான் கை சரியாக உருட்டும்" என்று கேட்டிருந்தார். பதில் எழுதினேன். அவரும் எழுதினார். ஈசூனில் தம்பி வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, பிள்ளைகள் எழுவதற்கு முன் மெத்தையைச் சுருட்டி வைப்பதைப் பற்றி எழுதினார். நான் குளிர்ப்பெட்டியோடு பேசுவதைப் பற்றி எழுதினேன். படி, கிணறு, கூரைக் கல் எல்லாம் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டு வந்தன. உன் தடுப்பு அவர் உட்காரும் பக்கம் திறந்தே இருக்கிறதாம். "சார் மறைக்கவே இல்லை, நான் என்ன செய்ய?" என்று எழுதியிருந்தார். நான் அதைப் பயன்படுத்தினேன். உன்னிடம் மூக்கு, காது என்று கதை விட்டேன். அது என் தப்பு. விதிப்படி என்னை வெளியே அனுப்பு.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட்டில் அவரிடம், இங்கே வந்துவிடுங்கள், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. செப்டம்பரில் வந்த கடிதத்தில் ஒரே விஷயம்தான்: "வடக்குக் கதவுக்குப் பின்னால் நாய். இறைச்சி எடுத்துப் போங்கள்." நான் கேட்டதைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்றுவரை இல்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். இந்த முறை சந்தேகப்படுவது என் முறை. மருதப்பனிடம் பொய் சொன்னாய். சாகுலிடம் பொய் சொன்னாய். பிடிக்க நினைத்த மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஏன் உண்மையைச் சொன்னாய்? பொய்க் குச்சி நடுபவன் மூன்றையும் பொய்யாக அல்லவா நட்டிருக்க வேண்டும்?

கேசட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். "செங்கோடன் என்ன செய்கிறார்?" "காசிம் என்ன செய்கிறார்?" எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறாய். நீலி முறை வரும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்கிறாய். ஒவ்வொரு தடவையும். இத்தனை நாள் உர்சுலாவின் சிரிப்பையே கேட்டுக்கொண்டிருந்ததால் அதற்கு முன்னால் வரும் செருமல் என் காதில் விழவில்லை.

முன்பே தெரிந்திருந்தால் அவருக்கு எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கிறிஸ்துமஸ்வரை நான் அவரை எதுவும் கேட்கப்போவதில்லை. உன் செருமலைப் பற்றி அவருக்கும் எழுதிவிட்டேன். மறைத்து வைத்து ஆட எனக்கு இனி மனம் இல்லை.

எங்களை எல்லாம் மூன்று வருஷமாக நீ ஒரு கேள்வி கேட்கிறாய். உன்னை யாரும் கேட்டதில்லை.

முத்து, என்ன செய்கிறாய்?

அருள்


பஃப்பலோ ரோடு, சிங்கப்பூர்
9 டிசம்பர் 1984

அன்புள்ள அருளானந்தம்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் காரணம் இல்லை. கோபம் இரண்டாம் வாரத்தில் போய்விட்டது. உன் கேள்விக்கு என்ன செய்தேன் என்று எழுத வேண்டுமென்றால், முதலில் ஏதாவது செய்ய வேண்டுமல்லவா?

உன் கடிதம் வந்த பிறகும் மூன்று ஞாயிறு ஆட்டம் இல்லாமல் போனது. தலைவலி, தபால் வரவில்லை, தலைவலி. நான்காவது ஞாயிறு உர்சுலா லூர்து மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்துவிட்டார். மற்றவர்கள் வர நேரம் இருந்தது. கறி பஃப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, தன் பழைய நாற்காலியில், எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளுங்க சார். எங்களத்தான கேட்டுகிட்டே இருக்கீங்க."

"அருள் எழுதியிருந்தாரு."

"தெரியும். எனக்கும் எழுதிட்டாரு."

"அப்ப நான் கேக்கப்போறதும் தெரியும்."

"தெரியும். ஆனாலும் கேட்டுருங்க சார். கேக்காமலே பதில் வாங்கிட்டுப் போனா அப்புறம் வீட்டுல உக்காந்து யோசிச்சுகிட்டே இருப்பீங்க."

நான் எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கத்தோலிக்கர், நான் மெதடிஸ்ட் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கைக்கூட எப்படித் தாண்டுவது என்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "இங்கேயே இருந்துர முடியுமா?"

உர்சுலா சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"பஸ் ஸ்டாப்புல நாய்னு சொன்னீங்கல்ல சார், அது ரகசியம்னு எனக்குத் தெரியும். எழுதினா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னும் தெரியும். நீங்க சர்வே ஆபீஸ் ஆளு லா. ரெண்டு நாள் எழுதாமத்தான் இருந்தேன். அந்த மனுஷன் கதவைத் திறந்து நாய்கிட்ட மாட்டிகிட்டா என்ன ஆகும்னு நெனச்சேன். வெறும் காகிதத்துல இருக்கிற மாலுமி. அதுவே எனக்குத் தாங்கல. எழுதிட்டேன். அவரு கேட்டதுக்கு அதுதான் என் பதில். அந்த ஆளுக்குப் புரியல."

அப்போது எனக்கும் புரிந்தது. என் கையில் ஆதாரம் என்று வைத்திருந்தது ஒரு திருட்டுக்கு அல்ல.

"எங்கிட்டயும் நீங்க பொய் சொல்லியிருக்கணும் சார்" என்றார்.

"வரல."

"தெரியும்" என்றார். பிறகு, "விதிப்படி நான் மேசையை விட்டுப் போகணும்ல சார்? போறேன்" என்றார். தேநீர் போட எழுந்தது அவர்தான். நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

மருதப்பனும் சாகுல் ஹமீதும் வந்ததும் உர்சுலாவே எல்லாவற்றையும் சொன்னார். நாயை, கடிதத்தை, பெர்த்தை. என் கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

மருதப்பன் சாகுல் ஹமீது பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா பாய்? அந்த ஆளுக்குப் பகடையும் உருட்டிக் குடுத்து, கறியும் எடுத்துக் குடுத்திருக்காங்க. நமக்கு என்ன லா குடுத்தாங்க?"

"கறி பஃப்" என்றார் சாகுல் ஹமீது. ஒன்றை எடுத்தும் கொண்டார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டு ஆடியவர்கள் மேசையை விட்டுப் போக வேண்டும் என்று எழுதியவன் நான். அந்த விதியை நான் அழிக்கவில்லை. அழித்தால் மருதப்பனும் சாகுலும் விஷத் தண்ணீர் குடித்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். அதன் கீழே இன்னொன்று எழுதினேன்: மேசையை விட்டுப் போனவர்கள் கடிதம் மூலம் ஆடலாம்.

"அப்ப இவங்களுக்கு யாரு பகடை உருட்டுறது?" என்று கேட்டார் மருதப்பன்.

"அவங்களே உருட்டி எழுதட்டும்."

"யாரு பாத்தா அண்ணே?"

"யாரும் பாக்க வேண்டாம்" என்றேன். மருதப்பன் முகத்தைச் சுளித்தார்.

உர்சுலா ஜனவரியில் புறப்படுகிறார். உனக்கு அவரே எழுதியிருப்பார். தம்பி வீட்டில் முதலில் முகத்தைத் தூக்கினார்கள், பிறகு பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போவோம். உன் கம்பளிகளை வெயிலில் காயப்போட்டு வை. அவருக்குத் தூசி ஆகாது. மூன்று வருஷம் இந்த மேசையில் தும்மியதில் தெரிந்துகொண்டேன்.

நகரத்தின் வரைபடத்தை வடக்குக் கதவுக்கு அப்பால் புதிதாக வரைந்திருக்கிறேன். பழையதில் உள்ளது உர்சுலாவுக்கு நிறையத் தெரிந்துவிட்டது. தடுப்பை இந்த முறை இரண்டு பக்கமும் மூடி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஆட்டம். இறைச்சி உள்ளே விழுந்தது. நாய் முகர்ந்து பார்த்தது. வங்கனுக்காக உர்சுலா கடைசியாக ஒருமுறை எல்லோர் முன்னாலும் உருட்டினார். நல்ல எண்தான். நாய் தின்றுவிட்டு ஓரமாகப் போய்ப் படுத்தது. வங்கனும் நீலியும் முன்னால் போனார்கள். செங்கோடனும் காசிமும் இந்தப் பக்கம் விளக்கோடு நிற்கிறார்கள்.

கதவு திறந்திருக்கிறது. நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள்?

அன்புடன்,
முத்து